ஏழு மணிக்கு அவர் முறை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். கர்த்தர் கிருபையால நீ சுகமா இருப்பேன்னு நினைக்கிறேன். இருமல் போச்சா? லிஃப்ட் குழிக்குள்ள இறங்கி இறங்கி அந்தத் தூசியைத்தான் நீ சாப்பாடா சாப்பிடுறே. மூக்குல துணி கட்டிக்கோன்னு சொன்னா கேக்கவா போறே.

கையில போன் இருக்க, இவ எதுக்குக் காகிதமும் பேனாவுமா உக்காந்திருக்கான்னு சிரிப்பே. எங்க வீடு ரெண்டே ரூம். நான் எந்த மூலையில நின்னு பேசினாலும் உன் அத்தான் காதுல விழும். பக்கவாதத்துல அவருக்குப் போனது வலது கையும் பேச்சும்தான், காலு கொஞ்சம் இழுக்குது. காதுக்கும் புத்திக்கும் ஒண்ணும் ஆகல. போன வாரம் யார்கிட்டயோ போன்ல "அவர் முன்ன மாதிரி இல்லைங்க"ன்னு சொல்லிட்டுத் திரும்புறேன், மனுஷன் சுவரைப் பாத்துட்டு உக்காந்திருக்கார். அதுலேருந்து வீட்டுல அவரைப் பத்தி வாயே திறக்கிறதில்ல. கடையில மத்தவங்க டீ குடிக்கப் போற நேரத்துல தையல் மிஷின் மேல வச்சு இதை எழுதுறேன்.

அவர் வாயைப் பத்தி உனக்குச் சொல்லணுமா. கார் ஓட்டச் சொல்லிக் குடுக்கிறவருக்கு வாய்தானே முதல். வீட்டுக்கு வந்தாலும் அது நிக்காது. நான் வெங்காயம் நறுக்கினாக்கூட "மெதுவா, மெதுவா, அவசரம் ஆபத்து"ம்பார். இப்ப அந்த வாயிலேருந்து வர்றது ஒரே சொல்லு, "அது". தண்ணி வேணும்னா அது. கால் வலிச்சா அது. என்னைக் கூப்பிடணும்னாலும் அது.

கல்யாணமான நாள்லேருந்து என்னை "டெய்லரம்மா"ன்னுதான் கூப்பிடுவார். ஆண்டவர்கிட்ட நான் மலையைப் பேத்துக் குடுங்கன்னு கேக்கல. இன்னொரு தடவை அவர் வாயால டெய்லரம்மான்னு கேக்கணும். அவ்வளவுதான் என் விண்ணப்பம்.

ஏழு மணி குடும்ப ஜெபத்தை மட்டும் விடல. எங்க வழக்கம் உனக்குத் தெரியும். முதல்ல நான், அப்புறம் அவர், கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். இப்ப நான் முடிச்சதும் அவர் முறைக்குப் பேசாம காத்திருக்கேன். உலகத்துல ஸ்டியரிங் பிடிக்கிற அத்தனை பேருக்கும் பேர் சொல்லாத குறையா ஜெபிப்பாரே, சோறு ஆறிப் போகுமே, அவ்வளவு நேரம் விடுறேன். பரமண்டல ஜெபத்தை எப்பவும் அவர்தான் ஆரம்பிப்பார். அவர் ஆரம்பிக்காம நான் முந்திக்கிறது நல்லா இல்ல. அதனால அது இல்லாமலே எழுந்திருச்சிடுறோம்.

நீயும் அந்த ஏழு மணிக்கு எங்க இருந்தாலும் அவருக்காக ஜெபம் பண்ணு. மூணு பேரும் ஒரே நேரத்துல கேட்டா ஆண்டவர் கேக்காமப் போயிடுவாரா?

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இருமலும் சுகமா இருக்கு. நீயும் அத்தானும் எப்படி இருக்கீங்க? உன் முதுகு வலிக்கு அந்த நாற்காலியை மாத்தினியா இல்லையா?

உன் கடிதத்தை மிஷின் ரூம்ல உக்காந்து படிச்சேன். மொட்டை மாடியில லிஃப்டோட மோட்டார் இருக்கிற ரூம். அங்கதான் யாரும் வர மாட்டாங்க. அத்தான் எனக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுத்தது ஞாபகம் வந்துச்சு. ரெண்டு தடவை நடைபாதையில ஏத்தினதும், "மச்சான், நீ லிஃப்டுக்குத்தான் லாயக்கு. அது மேல போகும், கீழ வரும். வளைக்க வேண்டியதில்ல"ன்னார். அவர் வாய் வச்சதுதான், இன்னிக்கு வரைக்கும் அதையேதான் பாக்குறேன்.

ஏழு மணிக்குக் கண்டிப்பா ஜெபிக்கிறேன். நீ கவலைப்படாதே. டெய்லரம்மான்னு கூப்பிடாம எங்க போயிடுவார்.

அன்புடன்
தம்பி

பிப்ரவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவோட அன்பு. உன் உடம்பு எப்படி இருக்கு? எனக்கு முதுகு அப்படியேதான். நாற்காலியை மாத்தல, ஒரு தலையணை வச்சிருக்கேன்.

பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரு பொண்ணு வருது. படம் காட்டும். நாய், கதவு, குடை. அவர் குடையைப் பாத்து "அது"ம்பார். அப்புறம் தான் சொன்னது தப்புன்னு அவருக்கே தெரிஞ்சு, இடது கையால படத்தைத் தள்ளிவிடுவார். பல்லைக் கடிச்சுட்டு உள்ள போயிடுவேன்.

சபையிலேருந்து ஆளுங்க வர்றாங்க. வர்றவங்க சும்மா வர்றாங்களா. ஆளுக்கொரு காரணத்தோட வர்றாங்க. ஒருத்தங்க, "வீட்டுல மறைவான பாவம் ஏதாவது இருக்கான்னு ஆராய்ஞ்சு பாருங்க"ன்னாங்க. நான் நல்லா ஆராய்ஞ்சு பாத்துட்டேன், அவங்க போன தடவை தைக்கக் குடுத்த பாவாடையை நான் இன்னும் தைச்சுத் தரல, அது ஒண்ணுதான். இன்னொருத்தங்க, "விசுவாசம் பத்தலை"ன்னாங்க. அதுக்கு அளவு நாடா வச்சிருக்காங்க போல.

சொல்றவங்களைத் திட்டிட்டு, அப்புறம் பயம் வந்து வெள்ளிக்கிழமை உபவாசமும் இருந்தேன். சாயங்காலம் ஒரு கோட்டுக்குக் கை வைக்கும்போது கண் இருட்டிட்டு வந்து மிஷின் மேலயே சாஞ்சுட்டேன். முதலாளி பயந்து தண்ணி தெளிச்சார். கை ஒண்ணு தலைகீழா தைச்சிருந்தேன், பிரிச்சுத் தைச்சேன்.

உண்மையைச் சொல்லவா. ஏழு மணிக்குக் கண்ணை மூடினா, சுவருக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு. ஆனாலும் பேசுறேன். நீ ஜெபிக்கிறேங்கிறது ஒரு தெம்பு. அங்க ஒருத்தன் இதே நேரத்துல முட்டி போட்டிருக்கான்னு நினைச்சுக்குவேன்.

உன் அக்கா

மார்ச் 16

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமா இருக்கணும். வேலை ஜாஸ்தி, அதான் எழுத நேரமாயிடுச்சு. உபவாசம் எல்லாம் வேண்டாம். நீ விழுந்தா அத்தானை யார் பாப்பாங்க? டாக்டர் கடைசியா என்ன சொன்னார்? பேச்சு திரும்ப எவ்வளவு நாளாகும்னு கேட்டியா?

உன் முதுகைப் பாத்துக்கோ.

தம்பி

மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா? உன் கடிதம் சுண்டைக்காய் அளவுக்கு இருந்துச்சு. நாலு வரி எழுதினதுல ஜெபத்தைப் பத்தி ஒரு சொல்லு இல்ல. சரி, வேலை அவசரமா இருக்கும்.

சொல்ல வந்தது வேற. நேத்து ஞாயிறு, நடக்க ஆரம்பிச்சப்புறம் முதல் தடவையா அவரைச் சபைக்குக் கூட்டிட்டுப் போனேன். கடைசி பெஞ்சுல உக்காந்தோம். ஆராதனை முடியப் போகுது, எல்லாரும் பரமண்டல ஜெபம் சொல்ல எழுந்திருச்சாங்க. ரெண்டாவது வார்த்தையில என் பக்கத்துல ஒரு குரல். கனத்த குரல், வண்டிக்குள்ள உக்காந்து பேசிப் பழகின குரல். நான் திரும்பவே இல்ல. திரும்பினா நின்னுடும்னு பயம். அவர் முழுசும் சொன்னார். ஒரு எழுத்து தப்பல. ஆமென் வரைக்கும் சொன்னார்.

முன் பெஞ்சுல இருந்தவங்க திரும்பிட்டாங்க. அழுகை, துதி, கைத்தட்டல். பாஸ்டர் இறங்கி வந்து அவரைக் கட்டிப் பிடிச்சார். என்னைச் சாட்சி சொல்லச் சொன்னாங்க. எழுந்து நின்னு அழுதேன், அதையே சாட்சின்னு எடுத்துக்கிட்டாங்க.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூட கழட்டல. அவர் முன்னால போய் நின்னு, "நான் யாருங்க?"ன்னேன். என்னையே பாத்தார். உதடு ஆடுச்சு. "அது"ன்னார்.

இன்னொண்ணு என்னைக் குடைஞ்சுட்டே இருக்கு. ஜனவரியிலேருந்து அவர் ஆரம்பிக்கட்டும், அவர் ஆரம்பிக்கட்டும்னு மரியாதை பாத்துட்டு இருந்தேனே. நான் ஒரு வரி எடுத்துக் குடுத்திருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பாரோ என்னவோ. இப்ப நான் ஆரம்பிக்கிறேன், அவர் கூடவே சொல்றார்.

உடனே எழுது.

அக்கா

ஏப்ரல் 27

தம்பிக்கு,

உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? அவ்வளவு பெரிய விஷயத்தை எழுதியும் பதில் இல்லாததால கேக்குறேன்.

பேச்சுப் பயிற்சிப் பொண்ணுகிட்ட நடந்ததைச் சொன்னேன். அது ஆச்சரியமே படல. "சின்ன வயசுலேருந்து சொல்லிச் சொல்லி ஊறினது அம்மா. ஒண்ணு ரெண்டு எண்ணுறது, பாட்டு, ஜெபம், இதெல்லாம் மூளையில வேற இடத்துலேருந்து தானா வரும். இதை அவர் பேசுறதா எடுத்துக்க முடியாது"ன்னுச்சு. நல்ல பொண்ணு. எனக்கு நல்லதுக்குத்தான் சொல்லுச்சு. ஆனா அன்னிக்கு அது குடிச்ச டீ கிளாஸை நான் கழுவும்போது உடைச்சுட்டேன்.

பாஸ்டர் இன்னொரு பக்கம். ஜூலையில கன்வென்ஷன், சபையோட பெரிய கூட்டம் வருது. அவரை மேடையில ஏத்தி ஜெபம் சொல்ல வைக்கணுமாம். "பேசாதவரைப் பேச வைத்தார்னு ஜனங்க பாக்கட்டும். எத்தனை பேருக்கு விசுவாசம் வளரும்"கிறார். அவரும் நல்ல மனுஷன். ஆஸ்பத்திரியில என்கூடவே தரையில படுத்திருந்தவர்.

ஒருத்தர் அற்புதம்கிறார், ஒருத்தர் பழக்கம்கிறாங்க. நடுவுல நான் மத்தளம். ஆண்டவர் குடுத்தாரா இல்லையா? குடுத்தார்னா என் பேரை ஏன் குடுக்கல? குடுக்கலைன்னா அன்னிக்கு நான் அழுதது எதுக்கு? என்னால உக்கார முடியல, நிக்க முடியல. நீயாவது ஒரு வார்த்தை சொல்லு.

அக்கா

மே 12

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் சுகமா இருக்கணும்னு மனசார நினைக்கிறேன். நினைக்கிறேன்னுதான் எழுத முடியுது.

அக்கா, நான் ஜெபிக்கல. முதல் ரெண்டு மூணு நாள் பண்ணினேன். அப்புறம் வார்த்தை வரல. நம்ம அம்மா படுத்திருந்தப்ப கேட்டோம், போயிட்டாங்க. எனக்குன்னு சிலது கேட்டேன், அதை விடு. இப்ப அத்தானுக்கும் கேட்டு, அதுவும் இல்லைன்னா, அப்புறம் ஆண்டவர்கிட்ட கேக்க என்கிட்ட ஒண்ணுமே இருக்காதேன்னு பயந்துட்டேன். கடிதத்துல "நலம்"னு எழுதுற மாதிரி "ஜெபிக்கிறேன்"னு எழுதிட்டேன். நீ என்னை நம்பி அங்க முட்டி போடுறேன்னு படிச்சதும் அதுக்கு மேல எழுதக் கை வரல.

போன வாரம் ஒரு பழைய கட்டடத்துல லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. உள்ள ஒரு வயசான தம்பதி. ஆபத்து பெல்லை அழுத்திட்டே இருந்திருக்காங்க. அந்த பெல் உள்ள இருக்கிறவங்களுக்குக் கேக்காது, கீழ வாட்ச்மேன் ரூம்லதான் அடிக்கும். அது அடிக்குதுன்னு நம்பி அழுத்த வேண்டியதுதான். நான் போய்ப் பாத்தா ஒயரே அறுந்து கிடக்கு, எலி கடிச்சிருக்கு. அவ்வளவு நேரமும் அழுத்தினது வீண். எனக்கு உன் ஞாபகம்தான் வந்துச்சு. இதை எழுதலாமா வேண்டாமான்னு தெரியல, எழுதிட்டேன்.

மேடை வேண்டாம். அத்தான் என்ன கிளியா?

தம்பி

மே 20

தம்பிக்கு,

உன் கடிதம் வந்துச்சு. நீ உண்மையைச் சொன்னதுக்கு உன்னைப் பாராட்டணும். பாராட்ட மனசு வரல. ஜனவரியிலேருந்து நான் ஒரு ஆளை எண்ணிக்கிட்டே முட்டி போட்டிருக்கேன், அங்க ஆளே இல்ல.

உனக்கு மட்டும்தான் அம்மா செத்தாங்களா? எனக்கு இல்லையா?

நீ நிறுத்தினப்ப யாருக்கும் தெரியல. நானும் நிறுத்திட்டேன். ஏழு மணிக்கு ரேடியோ போட்டு விடுறேன். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு வழக்கம்போல உக்காருவார், என்னைப் பாப்பார். நான் பட்டன் தைப்பேன். ரேடியோ பாடும்.

நல்லா இரு.

அக்கா

பி.கு: அந்தக் கிழவனும் கிழவியும் அப்புறம் எப்படித்தான் வெளிய வந்தாங்க?

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் நியாயம். உடம்பைக் கெடுத்துக்காதே, அது போதும்.

நீ கேட்டதுக்குப் பதில். பெல் வேலை செய்யலைன்னு அவங்களுக்குத் தெரியாது. ஆனா அந்த அம்மாவுக்குப் பொறுமை போயிருக்கு. செருப்பைக் கழட்டிக் கதவுல அடிக்க ஆரம்பிச்சிருக்காங்க. மாடிப்படியில துணி காயப் போட ஏறின ஒரு பொம்பளைக்கு அந்தச் சத்தம் கேட்டு, அவங்க எங்க ஆபீசுக்குப் போன் பண்ணினாங்க. நான் கதவைத் திறந்ததும் அந்த அம்மா என்னைக் கும்பிடல. "இவ்வளவு நேரம் எங்கய்யா போயிருந்தே?"ன்னு செருப்பும் கையுமா நின்னாங்க.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், நம்பினா நம்பு. நான் ஜெபிக்கலைன்னுதான் எழுதினேன், எழுந்து போயிட்டேன்னு எழுதல. ஏழு மணி ஆனா எந்தக் கட்டடத்துல இருந்தாலும் ஸ்பேனரைக் கீழ வச்சிடுறேன். மிஷின் ரூம்ல ஒரு கவுத்துப் போட்ட பக்கெட் மேல உக்காருவேன். ஒண்ணும் வராது. கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்திருச்சு வேலை பாப்பேன். கூட இருக்கிறவன், "அண்ணன் கடிகாரத்துக்குப் பயந்தவர்"னு கிண்டல் பண்றான். ஏன் உக்காருறேன்னு எனக்கே தெரியல.

அத்தானைக் கேட்டதாச் சொல்லு.

தம்பி

ஜூலை 14

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்கூட இருக்கட்டும். ரொம்ப நாளாச்சு. நான் இருக்கேன். அவர் இருக்கார். இருமல் எப்படி இருக்கு?

இதை நிதானமா படி.

சனிக்கிழமை மத்தியானம் கன்வென்ஷன். நீ வேண்டாம்னுதான் சொன்னே. நான் போனேன். ஏன்னு கேளு. மேடையில நிக்க வச்சதும் ஏதோ ஒண்ணு உடைஞ்சு, அவர் என்னைத் தேடி, மைக்குல டெய்லரம்மான்னு கூப்பிட்டுடுவார்னு ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. நீ பெல்லை விட்டுட்டே, நான் கடைசியா ஒரு தடவை அழுத்திப் பாத்தேன்.

பாஸ்டர் கையைப் பிடிச்சு மேல ஏத்தினார். ஜனம் எழுந்து நின்னு ஜெபத்தை ஆரம்பிச்சுச்சு. உன் அத்தான் வாயை இறுக்கி மூடிட்டார். எல்லாரும் ஆமென் சொல்லி முடிச்சாங்க. மைக்குல அவர் மூச்சு மட்டும் கேட்டுச்சு. அப்புறம் அவரே இடது கையால கம்பியைப் பிடிச்சு, காலை இழுத்து இழுத்து இறங்கி வந்து என் பக்கத்துல உக்காந்தார்.

வழி பூரா நான் பேசல. வீட்டுக்கு வந்ததும் பேசினேன். இத்தனை மாசம் அடக்கினது எல்லாம் வந்துச்சு. "ஊரு முன்னால ஒரு தடவை வாயைத் திறந்தா என்ன? எனக்காக ஒரு தடவை"ன்னு கத்தினேன். அவரைத் திட்டுறேனா, ஆண்டவரைத் திட்டுறேனான்னு எனக்கே தெரியல. ரெண்டு பேரும்தான் பதில் சொல்லல. சமைக்க மாட்டேன்னு சொல்லிட்டு, மிஷினுக்கு முன்னால போய் உக்காந்து வெறும் துணியை ஓட்டிட்டு இருந்தேன்.

ஏழு மணி இருக்கும். பின்னால வந்து நின்னார். ரேடியோவை அமத்தினார். ஜெபத்தை ஆரம்பிச்சார். யாரும் எடுத்துக் குடுக்கல தம்பி, அவரே ஆரம்பிச்சார். எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு. மேடையில சொல்லாம இப்ப யாருக்குச் சொல்றார்னு திரும்பாமலே இருந்தேன். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" வரைக்கும் வந்தார், நின்னுட்டார். திரும்பவும் முதல்லேருந்து. திரும்பவும் அதே இடம். வழக்கமா நிக்காம ஓடுறவர் எதுக்கு இங்க நிக்கிறார்னு திரும்பிப் பாத்தேன். வயித்துல கை வச்சுட்டு, அடுப்பைப் பாத்துட்டு நிக்கிறார்.

மனுஷனுக்குப் பசிக்குது.

அவர்கிட்ட இருக்கிறது அந்த ஒரு ஜெபம்தான். அதுலேருந்து ஒரு சொல்லைத் தனியா பிச்சு எடுக்க வராது. மாடிப்படி மாதிரி கீழேருந்து ஒவ்வொண்ணா ஏறினாத்தான் அந்தச் சொல்லுக்கு வர முடியும். ஏறி வந்து, அங்க நின்னு, என்னைப் பாக்குறார். நேத்து பயிற்சிப் பொண்ணு வந்ததும் இதைச் சொன்னேன். பேனாவைக் கீழ வச்சுட்டு, "இப்ப பேசுறார் அம்மா"ன்னுச்சு.

அன்னிக்கு ராத்திரி அவசர அவசரமா ஏதோ கிண்டிக் குடுத்தேன். சாப்பிட்டார். நானும் அவர் தட்டுலயே சாப்பிட்டேன். கை கழுவி முடிச்சதும் திரும்ப ஆரம்பிச்சார். இப்பத்தானே சாப்பிட்டீங்க, இன்னும் பசியான்னு கேக்க வாயெடுத்தேன். இந்தத் தடவை ஆகாரத்துல நிக்கல. அதைத் தாண்டிப் போனார். "மன்னியும்"ல வந்து நின்னார். என் கையைப் பிடிச்சுக்கிட்டார். அதுக்கு மேல போகல.

எதுக்கு மன்னிப்பு? மேடைக்கா, பேச முடியாததுக்கா? நான் கத்தினதுக்கு நான்தானே கேக்கணும். நானும் முதல்லேருந்து ஆரம்பிச்சு அதே சொல்லுல போய் நின்னேன்.

நான் கேட்டது இது இல்ல. டெய்லரம்மான்னு அவர் இன்னும் கூப்பிடல. கேக்கிறதை நான் விடவும் இல்ல, செருப்பால அடிச்ச அந்த அம்மா மாதிரிதான் இப்ப கேக்குறேன். பாஸ்டர்கிட்ட இதைச் சொல்லல. சொன்னா திரும்ப மேடை கட்டிடுவார். உனக்கு மட்டும் எழுதுறேன்.

இப்பல்லாம் எங்க வீட்டுல தண்ணி வேணும்னாலும் பரமண்டல ஜெபம்தான். அவர் ஆரம்பிச்சதும் நான் டம்ளரோட நிக்கிறேன்.

உன் அக்கா

ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

அன்பு. நான் சுகம். இருமல் குறைஞ்சிருக்கு, மூக்குல துணி கட்டுறேன்.

உன் கடிதத்தைப் பக்கெட் மேல உக்காந்து படிச்சேன். ஏழு மணி ஆச்சு. அத்தான் மாதிரி முதல்லேருந்து ஆரம்பிச்சுப் பாத்தேன். எனக்கு முதல் வரியில வர்ற "பிதாவே"க்கு மேல போகல. அங்கயே நின்னுட்டேன். எழுந்திருக்கவும் தோணல. கீழ யாரோ லிஃப்ட் ஏன் இன்னும் ஓடலைன்னு சத்தம் போட்டுட்டு இருந்தாங்க. முகத்தைத் துடைச்சுட்டுத்தான் இறங்கினேன்.

லீவு சொல்லிட்டேன். சனிக்கிழமை வர்றேன். ஏழு மணிக்கு முதல்ல நீ, அப்புறம் அத்தான். அவருக்கு அப்புறம் எனக்கும் ஒரு முறை வை அக்கா. நான் ஒண்ணும் சொல்லலைன்னாலும், அத்தானுக்குக் காத்திருந்த மாதிரி கொஞ்ச நேரம் காத்திரு.

உன் தம்பி